நகப்பூச்சுக் கோடு

இந்தக் கோடை முழுக்க ஆர்லோ ட்வெயிட்டை, அதாவது என்னை, ஒரு சின்னத் திருகு தோற்கடித்துவிட்டது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய திருகு. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை அதை முறுக்குவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது கழன்று வந்து நிற்கும். முப்பத்தெட்டு வருடமாகத் துப்பாக்கிப் பட்டறை நடத்துகிற ஒருவனுக்கு இது பெருமையான விஷயம் இல்லை.

திரு. டன்வுடி, வெள்ளிக்கிழமை நீங்கள் அந்த ரிவால்வரை உறையில் போட்டு முத்திரை வைத்து என் மேஜைமேல் வைத்தபோது மிகவும் சங்கடப்பட்டீர்கள். ஆங்கரேஜ் நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டு மாதம் ஆகும், இருநூறு மைலுக்குள் உங்களை விட்டால் வேறு ஆள் இல்லை, உங்களிடமே கேட்க வேண்டியிருக்கிறதே என்றீர்கள். துப்பாக்கி ஏன் சிக்கிக்கொண்டது என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும், வழக்கை மூடிவிடலாம் என்றீர்கள். நல்ல போலீஸ்காரர் நீங்கள். ஆனால் இரண்டு வரியில் எழுத முடியவில்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

ஐந்து குண்டு போடும் உருளை ஒன்று. அதன் நடுவில் துளை. அந்தத் துளை வழியாக முன்பக்கத்திலிருந்து ஒரு எஃகு அச்சு நுழைகிறது. உருளை அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. அச்சு நழுவாமல் இருக்க அதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில் ஒரு சின்ன நாக்கு உட்கார்ந்திருக்கும். நாக்கைப் பிடித்திருப்பது நான் சொன்ன திருகு. குண்டைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்தால் உருளை ஓர் அறை திரும்பும், அடுத்த குண்டு குழலுக்கு நேராக வரும். ஒவ்வொரு குண்டுக்கும் இப்படி இழுத்தாக வேண்டும். அழகான ஏற்பாடு. நூற்றைம்பது வருடமாகப் பெரிதாக மாறவில்லை.

இந்த ரகத் துப்பாக்கிகள் கரடிக்காகச் செய்தவை, அதனால் உதை அதிகம். படகு சட்டென்று முன்னால் பாய்ந்தால் பலகைமேல் வைத்த காபிக் குவளை பின்னால் நழுவுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குவளை நகரவில்லை, படகுதான் அதை விட்டு நகர்ந்தது. அதேபோலச் சுடும்போது மொத்தத் துப்பாக்கியும் பின்னால் பாய்கிறது. உள்ளே தளர்ந்திருக்கிற எதுவும் கூடப் போகாமல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதாவது, முன்னால் நழுவுகிறது. நாக்கு தளர்ந்திருந்தால் அச்சு முன்னால் வந்துவிடும். உருளை ஒரு மயிரிழை சாய்ந்து, திரும்ப முடியாமல் சிக்கும். அப்புறம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் சுத்தியல் வராது.

நீங்கள் கேட்ட இரண்டு வரி இதுதான். அச்சு நழுவியது. திருகு தளர்ந்திருந்ததால் நழுவியது.

திருகு ஏன் தளர்ந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.

அந்த ரிவால்வரை என் மனைவி மார்கிட்டுக்காக நான்தான் தயார் செய்தேன், பத்தொன்பது வருடத்துக்கு முன்னால். மீன்பிடி முகாமில் அவள் மார்பில் தோலுறையோடு தொங்கும். பதினேழு வருடம் அவள் அதைச் சுட்டாள். அந்தத் திருகு ஒருதரம்கூட அசையவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கிட்டை ஆங்கரேஜ் மருத்துவமனையில் சேர்த்தது ஒரு ஏப்ரல் மாதம். ஏப்ரலில்தான் ஊரிலுள்ள துப்பாக்கி எல்லாம் என் மேஜைக்கு வரும். பதினாலு துப்பாக்கி இருந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்று மகள் சிக்னியிடம் சொன்னேன். முடித்துவிட்டுத்தான் போனேன். ஒரு நாள் தாமதம். சிக்னி மருத்துவமனை வாசலில் நின்றிருந்தாள். "வேலை முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. கடையில் எதிரே வந்தால் ரொட்டி அடுக்குப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முப்பத்துமூன்று வயதுப் பெண், யார் என்ன சொல்ல முடியும்.

இந்த ஜூனில் அவளுக்கு மேல்ஆற்றில், ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய மீன் எண்ணும் வேலியில் வேலை கிடைத்தது. ஆற்றில் ஏறுகிற சால்மன் மீன்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடுகிற வேலை. கரடிக்கும் அங்கேதான் வேலை. அதனால் அங்கே ஒரு விதி: ஒவ்வொருவரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், சனிக்கிழமைதோறும் எல்லோரும் வரிசையாக நின்று ஐந்து குண்டு சுட்டுப் பழக வேண்டும். அம்மாவின் ரிவால்வரை எடுத்துச் சென்றாள். போவதற்கு முன் பொறுப்பாகப் பிரித்துச் சுத்தம் செய்து, நன்றாக எண்ணெய் போட்டுப் பூட்டியிருக்கிறாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். துப்பாக்கி என்றால் எண்ணெய் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் கையிலேயே பதிந்துபோன பழக்கம்.

முதல் சனிக்கிழமையே திருகு தளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் படகில் வந்தவள் என் பட்டறைக்குள் நுழைந்தாள். மேலங்கியைக் கழற்றவில்லை. துப்பாக்கியை மேஜைமேல் வைத்தாள்.

"ஸ்க்ரூ லூசா இருக்கு. டைட் பண்ணிக் குடுங்க."

அப்பா என்று சொல்லவில்லை. குழந்தையிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிட்ட பெண். அன்றைக்கு நீங்க என்றாள்.

 சரியான ஸ்க்ரூடிரைவரை எடுக்கவே இரண்டு தரம் தேட வேண்டியிருந்தது. முறுக்கிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதையோ செய்ய மறந்துவிட்டோம் என்று படகுச் சத்தம் தேய்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஒரு வாரத்துக்கு நான் உண்மையிலேயே குற்றமில்லாதவன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஞாயிறு திரும்ப வந்தாள். இந்தத் தரம் உட்கார்ந்தாள்.

"திரும்பவும் கழண்டுடுச்சு. அம்மா இருக்கும்போது கழலவே இல்லையே?"

"நீ பிரிச்சியா?"

"சுத்தம் பண்ண வேணாமா?"

"பண்ணணும், பண்ணணும்."

திருகு எப்படி நிற்கிறது தெரியுமா? பலரும் மரைதான் பிடிக்கிறது என்று நினைப்பார்கள். மரை வெறும் சறுக்குப்பாதை. திருகை முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, ரப்பரை இழுப்பதுபோல. திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்தப் பலத்தில்தான் உலோகமும் உலோகமும் அழுத்தி உரசி நிற்கின்றன. ஒவ்வொரு உதையிலும் அந்த அழுத்தம் ஒரு கணம் விட்டுப்போகும். அந்தக் கணத்தில் திருகு தன் சறுக்குப்பாதையில் ஒரு இம்மி பின்னால் இறங்கும். எண்ணெய் இருந்தால் இரண்டு இம்மி.

இதற்கு மருந்து என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. நீல நிறத்தில் ஒரு மரைப்பசை; மார்கிட்டின் திருகு பதினேழு வருடம் நின்றது இதில்தான், சிக்னி பிரித்துச் சுத்தம் செய்தபோது அது போய்விட்டது. ரொம்பச் சுவாரசியமான பொருள். காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை தண்ணீர் மாதிரி இருக்கும், குப்பியிலேயே வருடக்கணக்கில் கெடாது. காற்று புக முடியாத இடுக்கில் இரண்டு உலோகத்துக்கு நடுவே மாட்டினால் கல்லாகிவிடும். வேண்டும்போது நல்ல ஸ்க்ரூடிரைவரால் கழற்றவும் செய்யலாம். இரண்டே நிபந்தனை. எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும்.

குப்பியைக் கையில் எடுத்தேன். ஒரு நாள் விட வேண்டும் என்றால், துப்பாக்கி இல்லாமல் அவள் வேலிக்குத் திரும்ப முடியாது. ஒரு ராத்திரி இங்கே தங்கு என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் அறையில் படுக்கை விரித்தபடிதான் இருக்கிறது. கேட்டு, அவள் அடுத்த தெருவில் தோழி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றால்? சரி, தங்கினாள் என்றே வைத்துக்கொள்வோம். திருகு சரியாகிவிடும். அப்புறம் எதற்கு வருவாள்?

நான் பெரிதாக யோசித்ததாக நினைவில்லை. குப்பியை இழுப்பறையில் திரும்ப வைத்தேன். எண்ணெய் டப்பாவை எடுத்து மரையில் ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். முதுகு அவள் பக்கம் இருந்தது.

அப்புறம் வழக்கப்படி அடையாளம் போட்டேன். திருகுத் தலையிலிருந்து துப்பாக்கி உடல்வரை குறுக்கே ஒரு மெல்லிய கோடு. திருகு துளி திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். வேலியில் இருப்பவர்களின் துப்பாக்கி எல்லாவற்றிலும் அப்படிக் கோடு உண்டு, நான் போட்டதுதான். பட்டறையில் இதற்கு நான் வைத்திருப்பது மார்கிட்டின் நகப்பூச்சு. பவளச் சிவப்பு.

"அது அம்மாவோடதா?"

"ஆமா."

"இன்னுமா காயாம இருக்கு?"

"ரெண்டு சொட்டு தின்னர் விட்டா இளகிடும்."

கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். மூக்கால் இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பும்போது மார்கிட்டிடம் வருகிற வாசனை.

"கோடு விலகினா கொண்டா," என்றேன்.

விலகியது. கொண்டுவந்தாள்.

நான் கணக்குப் போடாமல் எதையும் செய்பவன் இல்லை. அந்த வாரமே அதே மாதிரி வேறொரு ரிவால்வரில் எண்ணெய் போட்டு, பட்டறைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தேன். ஐந்தாவது குண்டில் கோடு விலகும். அச்சு நழுவ மூன்று சோதனையில் பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு ஆனது. அவள் வாரத்துக்குச் சுடுவது ஐந்துதான். ஏழு குண்டு மிச்சம். கரடி வந்தாலும் ஒரு உருளை முழுக்கச் சுட்டு அதற்குமேல் இரண்டு மிஞ்சும். பாலம் கட்டுகிறவர்கள்கூட இப்படித்தான் மிகை விட்டுக் கணக்குப் போடுவார்கள். அவளுக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் நீண்டது. மூன்றாவது ஞாயிறு மேலங்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். பிஸ்கட் மாதிரிக் கெட்டியான பைலட் ரொட்டியில் வெண்ணெய் தடவி, புகைபோட்ட சால்மன் வைத்துச் சாப்பிட்டாள். நாலாவது ஞாயிறு, எப்போது சொன்னாள் என்றே நான் கவனிக்கவில்லை, "அப்பா, அந்த உப்பை இப்படித் தள்ளு" என்றாள். நான் உப்பைத் தள்ளினேன். அவ்வளவுதான் நடந்தது. அவள் போனபிறகு ரொம்ப நேரம் அந்த உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது ஞாயிறு அவளோடு வசிலியும் வந்தார். வேலியில் அவளோடு சேர்ந்து மீன் எண்ணுகிறவர், என் வயதுக்காரர், இந்த ஆற்றங்கரையிலேயே பிறந்தவர்.

"யோவ் ஆர்லோ, நேத்து சாயந்திரம் வரைக்கும் நான் எண்ணுன மீன் எவ்வளவு தெரியுமா? ரெண்டாயிரத்து நூறு. நீ ஒரே ஒரு ஸ்க்ரூவை நிறுத்த மாட்டேங்கற."

"உன் மீன் உதைக்காது."

"உதைக்கும். என் பொண்டாட்டிகிட்ட கேளு." ரொட்டியை எடுத்துக் கடித்தார். "என் போட் மோட்டாருக்கு நீ ஒரு நீலச் சொட்டு போட்டியே. நாலு வருஷம் ஆச்சு, இன்னும் அசையல. இதுக்கு ஏன் போடல?"

சிக்னி என்னைப் பார்த்தாள்.

"குழல் சூட்டுல இளகிடும்," என்றேன். "வெடிக்கிற சூடு வேற, மோட்டார் சூடு வேற."

அது பொய், திரு. டன்வுடி. அந்தப் பசையை இளக்க ரொட்டி சுடுகிற அடுப்பைவிடச் சூடு வேண்டும். ஐந்து குண்டு சுட்டால் அந்த இடம் கைச்சூடுகூட வராது. வசிலிக்கு மோட்டார் தெரியும், துப்பாக்கி தெரியாது. தலையாட்டினார். "பெரிய பட்டறைக்காரன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சிக்னியிடம் கண்ணடித்தார். சிக்னி சிரித்தாள். "எங்கப்பாவுக்கு ஒரு எதிரி வேணும் வசிலி. இப்ப இந்த ஸ்க்ரூ."

ஏழாவது ஞாயிறு மருத்துவமனையைப் பற்றிப் பேசினாள். அம்மா கடைசியில் என்ன கேட்டாள் என்று சொன்னாள். நான் வருகிறேனா என்று கேட்கவில்லையாம். பதினாலு துப்பாக்கியில் எத்தனை முடிந்தது என்று கேட்டாளாம். "அவளுக்கு உன்னை நல்லாத் தெரியும்பா," என்றாள் சிக்னி. "எனக்குத்தான் புரியறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு." பிறகு எழுந்து வந்து, நான் உட்கார்ந்திருந்த முக்காலிக்குப் பின்னால் நின்று, என் தலைமேல் தாடையை வைத்துக்கொண்டாள். என் கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. அன்றைக்கு நான் நீலக் குப்பியை எடுத்திருக்கலாம். அன்றைக்கு அவளிடம் ஒரு நாள் தங்கு என்று சொல்லியிருந்தால் தங்கியிருப்பாள். எனக்குத் தெரியும். ஆனால் கை எண்ணெய் டப்பாவுக்குப் போய்ப் பழகிவிட்டது.

எட்டாவது ஞாயிறு அவள் வரவில்லை. மீன் உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்தது, வேலியை விட்டு யாரும் நகர முடியாது. திங்கட்கிழமை காலை ரேடியோவில் கூப்பிட்டாள். ஊரே கேட்கிற சேனல். கேட்டவர்கள் யாரைக் கேட்டாலும் இதை உங்களுக்குச் சொல்வார்கள்.

"அப்பா, கோடு நல்லா விலகிடுச்சு. சனிக்கிழமை அஞ்சு சுட்டேன். நேத்து வேலிகிட்ட ஒரு தாய்க்கரடி, விரட்டறதுக்கு ஆகாசத்துல அஞ்சு."

பத்து.

"இங்க சமையல் கூடாரத்துல ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கு. நானே முறுக்கிக்கட்டுமா?"

அந்த ஸ்க்ரூடிரைவர் சரியாகப் பொருந்தாதுதான். திருகுத் தலையில் கொஞ்சம் சிராய்த்திருக்கும். ஆனால் முறுக்கியிருக்கலாம். முறுக்கியிருந்தால் கணக்கு திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும்.

"வேணாம்மா," என்றேன். "தலை கெட்டுப்போயிடும். அம்மாவோட துப்பாக்கி. எங்கிட்ட கொண்டா."

"புதன்கிழமைதான் வர முடியும்."

"வா. காபி போட்டு வைக்கறேன்."

சேனலில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், எவ்வளவு கவனமான மனிதன் என்று நினைத்திருப்பார்கள். ரேடியோவை வைத்துவிட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு. பத்து போனால் இரண்டு. இரண்டு போதும் என்று நினைத்தேன். அவள் நன்றாகச் சுடுவாள்.

புதன்கிழமை பத்தரைக்கே காபி வைத்துவிட்டேன்.

வேலியிலிருந்து படகுக்கு வருகிற பாதையில் வில்லோப் புதர் நெருக்கமாக இருக்கும். சிக்னி முன்னால் வந்திருக்கிறாள், எரிபொருள் டப்பாவோடு வசிலி நாற்பதடி பின்னால். கரடி உறுமல், உடனே முதல் வெடி, அவருக்குக் கேட்டதாம். இரண்டாவதற்காகக் காத்துக்கொண்டே டப்பாவைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அந்த முதல் வெடி பதினொன்று. என் சோதனையில் பன்னிரண்டுதான் மிகக் குறைவு. ஆனால் நான் சோதித்த துப்பாக்கி புதியது. இது பத்தொன்பது வருடப் பழசு, மரை தேய்ந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் கட்டைவிரல் தோல் சுத்தியல் முள்ளில் கிழிந்திருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எதனால் என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதனால்.

அடக்கத்துக்கு வசிலி வந்தார். அடக்கம் முடிந்து கை கொடுக்கும்போது, "நீ உன்னால ஆனதெல்லாம் பண்ணே," என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

அவளுக்குக் கெடுதல் நினைத்து நான் எதுவும் செய்யவில்லை. அதை எப்படி எழுதினாலும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்கு வேண்டியிருந்தன. ஏழு கிடைத்தன.

இன்னொன்று. உங்கள் முத்திரையைப் பிரித்துவிட்டேன். சாட்சியப் பொருளில் கை வைப்பது குற்றம் என்று தெரியும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கியை அப்படியே விட்டுவைக்க மனம் வரவில்லை.

வேலை இவ்வளவுதான். திருகைக் கழற்ற வேண்டும். திருகையும் அது நுழைகிற துளையையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால், துணியில் கருப்பு வராதவரை துடைக்க வேண்டும். காய விட வேண்டும். நீலக் குப்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு. திருகுத் தலைப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரால் முறுக்க வேண்டும். குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். ஒரு நாள் விட வேண்டும்.

ஒரு நாள் விட்டேன். இன்று காலை ஆற்றங்கரையில் ஐந்து சுட்டேன். பிறகு ஐந்து, பிறகு ஐந்து. பதினைந்து குண்டுக்குப் பிறகும் கோடு விலகவில்லை.